2147483647 என்ற பகா எண்ணைக் கையால் அலசுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. பத்து இலக்க எண். 1772 முதல் 1867 வரை, பகா எண் என்று நிரூபிக்கப்பட்டவற்றில் மிகப் பெரியது இதுதான். இன்றைய பெரிய பகா எண்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. 2024 அக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்ட 52ஆவது மெர்சென் பகா எண்ணுக்கு (இது என்ன வகை என்று முதல் படியில் வரும்) நான்கு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். அதைத் தாளில் எழுதிக்கூடப் பார்க்க முடியாது. 2147483647-ஐ அப்படியில்லாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வைத்து முழுதாக அலசிவிடலாம். பெரிய பகா எண்களிடம் இருக்கும் முக்கியமான குணங்கள் எல்லாம் இதனிடமும் இருக்கின்றன. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகா எண்ணை உடைக்க முடியாது. அப்படியானால் அதனுள் என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? அதன் இரு பக்கத்திலும் இருக்கும் எண்களை உடைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று குறைத்தால் வரும் 2147483646, ஒன்று கூட்டினால் வரும் 2147483648, இந்த இரண்டுக்குள்தான் நம் எண்ணின் குணங்கள் எல்லாம் ஒளிந்திருக்கின்றன. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இந்த இரண்டில் ஒன்று தலைகாட்டும். எங்கே என்று கவனித்துக்கொண்டே வாருங்கள்.

தேவையானவை: கடைகளில் பயன்படுத்தும் பன்னிரண்டு இலக்கக் கால்குலேட்டர், தாள், பேனா. கணக்கில் மீதி, அடுக்கு, வர்க்கம், இவ்வளவு தெரிந்தால் போதும். எழுத வசதியாக நம் எண்ணை இனி 'ப' என்று குறிப்பிடுகிறேன்.

படி 1: எண்ணின் உருவத்தைப் பாருங்கள்

2-ஐ 31 தடவை பெருக்கினால் 2147483648. அதில் ஒன்று குறைவு நம் எண். அதாவது ப = 2³¹ − 1. பைனரியில், அதாவது 0, 1 என்ற இரண்டு இலக்கங்களை மட்டும் வைத்து, எழுதினால் வெறும் ஒன்றுகள், வரிசையாக 31. இப்படி 2-இன் அடுக்கில் ஒன்று குறைத்துக் கிடைக்கும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். 3, 7, 31, 127, 8191, 131071, 524287 என்று வரும் வரிசையில் நம்முடையது எட்டாவது.

இந்த உருவத்தில் ஒரு எண் பகா எண்ணாக வேண்டுமானால் அடுக்கும் பகா எண்ணாக இருந்தே ஆக வேண்டும். 2¹⁵ − 1 என்பதைப் பாருங்கள். 2¹⁵ என்பது 8⁵. எந்த அடுக்கானாலும் 8-இன் அடுக்கில் ஒன்று குறைத்தால் 7-ஆல் வகுபடும். அதையே 32³ என்று பார்த்தால் 31-ஆலும் வகுபடும் என்று தெரிகிறது. ஆக 2¹⁵ − 1 = 32767 = 7 × 31 × 151. இந்த வரியை ஓர் ஓரமாகக் குறித்து வையுங்கள், ஐந்தாம் படியில் வேண்டியிருக்கும்.

நம் அடுக்கு 31, பகா எண். முதல் தடை தாண்டியாயிற்று. ஆனால் இது மட்டும் போதாது. 11 பகா எண்தான், ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. அப்படியே 2²³ − 1 என்பது 47 × 178481. 2²⁹ − 1 என்பது 233 × 1103 × 2089. 31 தேறுமா தேறாதா என்பதை வெறும் பார்வையில் சொல்ல முடியாது. 1644இல் மாரின் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி, 2-இன் எந்த அடுக்குகளில் ஒன்று குறைத்தால் பகா எண் வரும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 31 இருந்தது, ஆனால் நிரூபணம் இல்லை. அதே பட்டியலில் இருந்த 67-உம் 257-உம் தவறு என்று பிற்காலத்தில் தெரிந்தது. எனவே அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

படி 2: மீதி காணும் சுருக்கு வழியைப் பழகுங்கள்

ஓர் எண்ணை 9-ஆல் வகுத்தால் வரும் மீதியைக் காண இலக்கங்களைக் கூட்டுவோம். 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால்தான் அந்த வழி பலிக்கிறது. இங்கேயும் அதே கதைதான். 2³¹-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் அதை 2³¹-ஆல் வெட்டி, மேல் துண்டையும் கீழ் துண்டையும் கூட்டிவிட்டால் மீதி வந்துவிடும். வகுத்தலே வேண்டாம். இந்த எண்ணோடு கணக்குப் போடுவது இவ்வளவு சுலபமாக இருப்பதற்கு ஒரே காரணம், ஒன்று கூட்டினால் வருவது 2-இன் தனி அடுக்கு என்பதுதான்.

இதிலிருந்து கிடைக்கும் இரண்டு சின்ன உண்மைகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 2³²-க்கு மீதி 2. 65536 என்பது 2¹⁶ என்பதால், அதன் வர்க்கத்துக்கும் மீதி 2.

படி 3: ஆய்லர் செய்ததைச் செய்யுங்கள்

ப பகா எண்தானா என்று பார்க்கும் மிகப் பழைய வழி, அதன் வர்க்கமூலம் வரை உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்ப்பது. 46340-இன் வர்க்கம் 2147395600. 46341-இன் வர்க்கம் 2147488281, அது ப-ஐத் தாண்டிவிடுகிறது. ஆக 46340 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அவை மொத்தம் 4,792. கையால் செய்ய நினைத்தாலே அலுத்துப்போகும்.

கணிதவியலாளர் லியோனார்டு ஆய்லர், கணிதத்துக்குப் பேர்போன பெர்னூலி குடும்பத்தவர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இந்த எண்ணின் முடிவைச் சொன்னார். அது வெளியானது 1772இல். அப்போது அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார், பார்வை ஏறக்குறைய முழுதாகப் போயிருந்தது. அவர் 4,792 எண்களையும் தொடவில்லை. வகுக்க வாய்ப்பே இல்லாத எண்களை முதலில் சலித்து எடுத்துவிட்டார். அந்தச் சல்லடைகள் இரண்டு.

முதல் சல்லடை. க என்ற பகா எண் ப-ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³¹-ஐ க-ஆல் வகுத்தால் மீதி 1. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, 2-ஐ (க − 1) தடவை பெருக்கினாலும் மீதி 1. இரண்டு அடுக்குகளுக்கு மீதி 1 வந்தால், அந்த இரண்டின் மீப்பெரு பொதுக் காரணியை அடுக்காக வைத்தாலும் மீதி 1 தான் வரும். 31 பகா எண் என்பதால் அந்தப் பொதுக் காரணி 1 அல்லது 31. அது 1 என்றால், வெறும் 2-க்கு மீதி 1 என்று ஆகிவிடும், அது நடக்காது. எனவே 31. அதாவது க − 1 என்பது 31-ஆல் வகுபட வேண்டும். க ஒற்றைப்படை என்பதால் 62-ஆல் வகுபட வேண்டும். கவனித்தீர்களா? இங்கே வேலை செய்தது க-வின் பக்கத்து எண்.

இரண்டாவது சல்லடை. க-ஆல் வகுக்கும்போதும் 65536-இன் வர்க்கத்துக்கு மீதி 2-தான். அதாவது க-வின் மீதி உலகில் (எந்த எண்ணையும் க-ஆல் வகுத்த மீதியாக மட்டுமே பார்க்கும் கணக்கில்) 2 ஒரு வர்க்க எண். 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி வரும் பகா எண்களுக்கு மட்டுமே இந்தக் குணம் உண்டு என்பது தெரிந்த தேற்றம்.

இரண்டையும் சேர்த்தால், க என்பது 248-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி தரும் எண்ணாகத்தான் இருக்க முடியும். 46340-க்குள் இந்த உருவத்தில் வரும் பகா எண்கள் வெறும் 84. நான்காயிரத்துச் சொச்சம் எண்பத்து நான்காகச் சுருங்கிவிட்டது. பட்டியல் 311, 1303, 1489, 2543 என்று தொடங்குகிறது.

முதல் எண்ணைச் செய்து காட்டுகிறேன். 2⁸ = 256. 311-ஐக் கழித்தால் −55. அதன் வர்க்கம் 3025. 311-இன் ஒன்பது மடங்கு 2799, அதைக் கழித்தால் 226. இது 2¹⁶-இன் மீதி. பாதியாக்கினால் 113, அது 2¹⁵-இன் மீதி. 226-ஐ −85 என்று எழுதி 113-ஆல் பெருக்கினால் −9605. 311-இன் 31 மடங்கு 9641, அதைக் கூட்டினால் 36. ஆக 2³¹-க்கு மீதி 36, நம் எண்ணுக்கு மீதி 35. பூஜ்யம் வரவில்லை, 311 வகுக்காது. நம்பிக்கை இல்லையென்றால் 311 × 6905092 = 2147483612 என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள், மிச்சம் 35.

இதே போல இன்னும் 83. ஓர் எண்ணுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் ஒரு முழு நாள் வேலை. இந்தச் சல்லடைகளின் பலத்தைப் புரிந்துகொள்ளப் பத்து எண்களையாவது செய்து பார்க்கச் சொல்வேன். மீதியை விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போகலாம், அங்கே இன்னும் அருமையான வழி இருக்கிறது.

படி 4: லூக்காஸ்–லெமர் சோதனை

1878இல் எடுவார் லூக்காஸ் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் இந்தச் சோதனைக்கு அடிப்படை போட்டார். 1930இல் அமெரிக்கக் கணிதவியலாளர் டி. எச். லெமர் அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு பெரிய மெர்சென் எண் பகா எண்தான் என்று உறுதியாக நிரூபிக்க இன்றும் இந்த முறைதான் பயன்படுகிறது.

விதி இதுதான். 4-இல் தொடங்குங்கள். ஒவ்வொரு தடவையும் வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். வந்ததைச் சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கில் இரண்டு குறைத்தால் வரும் அத்தனை தடவை செய்யுங்கள். கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். நடுவில் எதுவும் கிடையாது.

முதலில் 127-இல் பழகுங்கள். 127 = 2⁷ − 1, எனவே ஐந்து தடவை. 4-இன் வர்க்கத்தில் 2 குறைத்தால் 14. அடுத்தது 194, மீதி 67. அடுத்தது 4487, மீதி 42. அடுத்தது 1762, மீதி 111. அடுத்தது 12319, அது சரியாக 127 × 97. பூஜ்யம். 127 பகா எண். இதையே 2047-க்கு ஒன்பது தடவை செய்தால் கடைசியில் 1736 வரும். பூஜ்யம் இல்லை. 23, 89 என்ற காரணிகளைக் கண்டுபிடிக்காமலேயே அது பகு எண் என்று தெரிந்துவிடுகிறது.

ஆரம்பத்தில் எனக்கு ஏற்க முடியாமல் இருந்தது இந்த இடம்தான்: காரணி எது என்றே சொல்லாமல், காரணி உண்டு என்று மட்டும் ஒரு சோதனை எப்படி அடித்துச் சொல்கிறது? அதற்கான பதில் கீழே வருகிறது. அதற்கு முன் நம் எண்ணைச் செய்துவிடுவோம்.

31-இல் இரண்டு போனால் 29 தடவை. 4, 14, 194, 37634, 1416317954 என்று முதல் நான்கு தடவையும் வகுக்கவே தேவைப்படாது, எல்லாம் ப-ஐவிடச் சிறியவை. ஐந்தாவது தடவைதான் வர்க்கம் பத்தொன்பது இலக்கத்துக்குப் போகிறது. கடைக் கால்குலேட்டர் தாங்காது. இரண்டாகப் பிரித்துச் செய்ய வேண்டும்.

1416317954 = 21611 × 65536 + 19458. இதன் வர்க்கத்தில் மூன்று துண்டுகள். முதல் துண்டு 21611-இன் வர்க்கம் பெருக்கல் 2³². 2³²-க்கு மீதி 2 என்பதால் 467035321 × 2 = 934070642. மூன்றாவது துண்டு 19458-இன் வர்க்கம், 378613764. நடுத்துண்டு 2 × 21611 × 19458 = 841013676, இதை இன்னும் 65536-ஆல் பெருக்க வேண்டும். இங்கேதான் இரண்டாம் படியின் வெட்டும் வேலை. 841013676 = 25665 × 32768 + 22956. 32768-ஐ 65536-ஆல் பெருக்கினால் 2³¹, அதற்கு மீதி 1. எனவே 25665 அப்படியே நிற்கிறது, 22956-ஐ மட்டும் 65536-ஆல் பெருக்கினால் 1504444416. கூட்டினால் 1504470081. மூன்று துண்டுகளையும் கூட்டி, ப-ஐ ஒரு தடவை கழித்து, 2-ஐக் குறைத்தால் 669670838. ஐந்தாவது எண் இதுதான்.

இதே முறையில் தொடருங்கள். ஆறாவது 1937259419, ஏழாவது 425413602, எட்டாவது 842014276, ஒன்பதாவது 12692426, பத்தாவது 2044502122. எங்காவது ஓர் இலக்கம் பிசகினால் அதற்கப்புறம் வருவது எல்லாமே குப்பை. அதனால் வழியில் சரிபார்க்கச் சில மைல்கற்கள் தருகிறேன்: பதினைந்தாவது 630853853, இருபதாவது 1992425718, இருபத்தைந்தாவது 1159251674.

இருபத்தேழாவது 1181536708. அதற்கடுத்தது என்ன தெரியுமா? 65536. பத்து இலக்க எண்களாகவே வந்துகொண்டிருந்த இடத்தில் திடீரென்று 2-இன் தனி அடுக்கு ஒன்று எட்டிப் பார்க்கிறது. இருபத்தொன்பதாவது தடவைக்குக் கணக்கே போட வேண்டாம்: 65536-இன் வர்க்கத்துக்கு மீதி 2, அதில் 2 போனால் பூஜ்யம். 2147483647 பகா எண். இந்த இடத்தைக் கையால் கணக்குப் போட்டு அடைந்து பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் ஒரு நொடிக்குள் சொல்லிவிடும், ஆனால் அந்த 65536 வரும்போது கிடைக்கும் சந்தோஷத்தை அது தராது.

சரி, இது ஏன் பலிக்கிறது? 2 + √3, 2 − √3 இரண்டையும் பெருக்கினால் 1. முதலாவதை 'உ' என்போம், இரண்டாவது அதன் தலைகீழ். இரண்டையும் கூட்டினால் 4, நாம் தொடங்கிய எண். கூட்டலை வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்தால், உ-வின் வர்க்கமும் அதன் தலைகீழும் சேர்ந்த கூட்டல் வரும். எனவே நாம் எழுதிக்கொண்டே வந்தது எல்லாம் உ-வின் அடுக்கும் அதன் தலைகீழும் சேர்ந்த கூட்டல்தான், அடுக்கு ஒவ்வொரு தடவையும் இரட்டிக்கிறது. இருபத்தொன்பதாவது தடவை பூஜ்யம் என்றால், உ-வின் 2²⁹ ஆம் அடுக்கு அதன் தலைகீழின் எதிர்மறை. ஆக, 2³⁰ ஆம் அடுக்கு −1, 2³¹ ஆம் அடுக்கு 1. வேறு விதமாகச் சொன்னால், உ மறுபடி 1-க்கு வர முழுசாக 2³¹ தடவை பெருக்க வேண்டும், அதற்கு முன் வராது.

இப்போது ப-க்கு ஒரு சிறிய பகாக் காரணி க இருப்பதாக நினையுங்கள். க-வின் வர்க்கம் ப-ஐத் தாண்டாது. மேலே சொன்னது எல்லாம் க-வின் மீதி உலகிலும் அப்படியே நிற்கும். அந்த உலகில் (ஓர் எண்) + (ஓர் எண்) × √3 என்று எழுதக் கூடியவை மொத்தமே க × க. பூஜ்யத்தை விட்டால் அதிலும் ஒன்று குறைவு. அவ்வளவு சின்ன இடத்தில் ஓர் எண் 2³¹ வெவ்வேறு மதிப்புகளைச் சுற்றிவர முடியாது, ஏனென்றால் 2³¹ என்பது ப-ஐவிட ஒன்று அதிகம். முரண்பாடு. எனவே அப்படி ஒரு காரணியே இல்லை. காரணியைத் தேடாமலேயே சோதனை முடிவு சொல்வது இதனால்தான். இதில் முழு வேலையையும் செய்தது ஒன்று கூட்டினால் வரும் எண், அது 2-இன் தனி அடுக்காக இருப்பது.

இடையில் ஓர் எச்சரிக்கை. பகா எண் சோதனை என்றதும் பலர் ஃபெர்மா சோதனையை 2 வைத்துச் செய்வார்கள்: எண்ணில் ஒன்று குறைத்து 2-க்கு அடுக்காக வைத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பார்கள். மெர்சென் எண்களுக்கு அது உதவாது. அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே இந்தச் சோதனையில் எல்லா மெர்சென் எண்ணும் தேறிவிடும். 23 × 89 ஆன 2047-உம் தேறிவிடும்.

படி 5: ஒன்று குறைத்துப் பாருங்கள்

ப − 1 = 2147483646. இது 2 × (2³⁰ − 1). அடைப்புக்குள் இருப்பது 32767 × 32769. முதலாவதை முதல் படியிலேயே உடைத்துவிட்டோம்: 7 × 31 × 151. இரண்டாவது 3 × 3 × 11 × 331. ஆக,

2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331

இந்த ஒரு வரியை வைத்து ப-இன் மீதி உலகில் எந்த எண் எத்தனை அடுக்குகளுக்கு ஒரு தடவை 1-க்குத் திரும்பும் என்று சொல்லிவிடலாம். அந்தச் சுற்றின் நீளம் எப்போதும் ப − 1-இன் ஒரு காரணியாகவே இருக்கும். 2-க்கு நீளம் வெறும் 31. அதற்கு நேர்மாறாக, சில எண்கள் 1 முதல் 2147483646 வரை எல்லா எண்களையும் தொட்டுவிட்டுத்தான் 1-க்குத் திரும்பும். அப்படிப்பட்டதைப் பிறப்பாக்கி என்பார்கள். ஓர் எண் பிறப்பாக்கியா என்று பார்க்க, மேலே உள்ள ஏழு பகாக் காரணிகளில் ஒவ்வொன்றாலும் ப − 1-ஐ வகுத்து, வரும் ஈவை அடுக்காக வைத்துப் பாருங்கள். ஏழில் ஒன்றில்கூட மீதி 1 வராவிட்டால் அது பிறப்பாக்கி. நம் எண்ணுக்கு மிகச் சிறிய பிறப்பாக்கி 7. மொத்தம் 53 கோடியே 46 லட்சம் பிறப்பாக்கிகள் இருக்கின்றன.

7 பிறப்பாக்கி என்றால், ப − 1-ஓடு பொதுக் காரணி இல்லாத எந்த அடுக்கை எடுத்தாலும் அதுவும் பிறப்பாக்கி. ப − 1-இன் கடைசி இலக்கம் 6, எனவே 5 அதை வகுக்காது. ஆகவே 7⁵ = 16807-உம் பிறப்பாக்கி. 1960களின் இறுதியிலிருந்து கம்ப்யூட்டர்களில் சமவாய்ப்பு எண்களை உருவாக்க இந்த எண் பயன்பட்டது. 1988இல் பார்க், மில்லர் என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் இதைக் குறைந்தபட்சத் தரமாக வைக்கச் சொன்னார்கள். செய்முறை ஒரே வரி: கையில் இருக்கும் எண்ணை 16807-ஆல் பெருக்கி ப-ஆல் வகுத்த மீதியை எடு. 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று போகும். இருநூறு கோடிக்கு மேற்பட்ட எண்களைத் தொட்டுவிட்டுத்தான் மறுபடி 1 வரும். நீங்கள் எழுதிய நிரல் சரியா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு: பத்தாயிரமாவது எண் 1043618065 ஆக இருக்க வேண்டும். கடவுச்சொல், பணப் பரிமாற்றம் போன்ற இடங்களில் மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள். ஓர் எண் கிடைத்தால் அடுத்த எண்ணை யாரும் கணக்குப் போட்டுவிடலாம்.

படி 6: ஒன்று கூட்டிப் பாருங்கள்

ப-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3. வர்க்க எண்களை 4-ஆல் வகுத்தால் 0 அல்லது 1 தான் வரும். எனவே நம் எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதவே முடியாது. மீதி உலகில் −1-க்கு வர்க்கமூலம் கிடையாது என்பதும் இதே குணத்தின் இன்னொரு முகம்.

வர்க்கமூலம் உள்ள எண்களுக்கோ அதைக் கண்டுபிடிப்பது மிகச் சுலபம். (ப + 1)/4 ஆம் அடுக்கு எடுத்தால் வர்க்கமூலம் வந்துவிடும். (ப + 1)/4 என்பது 2²⁹. அதாவது 29 தடவை வர்க்கப்படுத்தினால் போதும், விடை கையில்.

இன்னொரு அழகான குணம். மீதி உலகில் ஒரு வட்டம் வரையலாம்: இரண்டு எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 1 வரும் சோடிகள் எல்லாம் அந்த வட்டத்தின் புள்ளிகள். 7-ஐ வைத்துச் செய்து பாருங்கள். (0, ±1), (±1, 0), (±2, ±2), மொத்தம் எட்டுப் புள்ளிகள். 7-ஐவிட ஒன்று அதிகம். நம் எண்ணுக்கு அந்த வட்டத்தில் 2147483648 புள்ளிகள், அதாவது சரியாக 2³¹. ஃபூரியர் உருமாற்றம் போன்ற வேகக் கணக்குகளுக்கு ஒரு கூட்டத்தைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். ப − 1-ஐ ஒரு தடவைதான் பாதியாக்க முடியும், அப்புறம் ஒற்றைப்படை வந்துவிடும். வட்டத்தையோ 31 தடவை பாதியாக்கலாம். இந்தக் குணத்தை நம்பி 2024இல் சர்க்கிள் ஸ்டார்க் என்ற நிரூபண முறையையே (கம்ப்யூட்டர் செய்த ஒரு கணக்கைத் திரும்ப முழுதாகச் செய்யாமலேயே சரி என்று காட்டும் முறை அது) உருவாக்கியிருக்கிறார்கள். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே பகா எண் என்று தெரிந்த ஓர் எண், இன்றைய மறையாக்கவியலில் மறுபடி வேலைக்கு வந்திருக்கிறது.

படி 7: சுற்றியுள்ள சொந்தங்கள்

ஒரு எண்ணின் காரணிகளை, அந்த எண்ணை விட்டுவிட்டு, கூட்டினால் அதே எண் வந்தால் அது நிறைவு எண். 6-உம் 28-உம் எல்லாருக்கும் தெரிந்தவை. 2³⁰ × ப-உம் நிறைவு எண்தான், வரிசையில் எட்டாவது: 2305843008139952128. காரணம் எளிது. 2³⁰-இன் காரணிகளைக் கூட்டினால் ப. ப-இன் காரணிகளைக் கூட்டினால் ப + 1, அதாவது 2³¹. இரண்டையும் பெருக்கினால் 2³⁰ × ப-இன் எல்லாக் காரணிகளின் கூட்டல் வரும், அது அந்த எண்ணின் சரியாக இரண்டு மடங்கு. 1811இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர், இதைவிடப் பெரிய நிறைவு எண்ணை யாரும் தேடப் போவதில்லை, அதனால் பயனில்லை என்று எழுதினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே லூக்காஸ் 2¹²⁷ − 1-ஐப் பகா எண் என்று காட்டிவிட்டார்.

நம் எண்ணின் அடுக்கான 31-உம் ஒரு மெர்சென் பகா எண்தான், 2⁵ − 1. அப்படியானால் 2-இன் 2147483647ஆவது அடுக்கில் ஒன்று குறைத்தால் மறுபடி பகா எண் வருமா? வராது. 295257526626031 அதை வகுக்கிறது. மூன்றாம் படியின் முதல் சல்லடையை இங்கேயும் போட்டுப் பாருங்கள்: இந்தக் காரணியில் ஒன்று குறைத்து ப-இன் இரு மடங்கால் வகுத்தால் சரியாக 68745 வரும்.

கம்ப்யூட்டரில் கூட்டல், கழித்தல் குறியோடு வரும் 32 பிட் முழு எண்ணுக்கு உச்சவரம்பும் இதே 2147483647 தான். 1970இலிருந்து நொடிகளை எண்ணும் பழைய கணினிக் கடிகாரங்கள் 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு இந்த எண்ணைத் தொட்டு, அடுத்த நொடியில் தடுமாறும். அதற்கும் இது பகா எண்ணாக இருப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. குறிக்கு ஒரு பிட் போக மிச்சம் 31 பிட், அவ்வளவுதான்.

சொந்தமாகச் செய்து பார்க்க

இருபத்தொன்பது தடவை பெரிய எண்களோடு மல்லுக்கட்ட நேரமில்லாதவர்கள் 8191-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது 2¹³ − 1, எனவே பதினொரு தடவை. 194 வரை வழக்கம்போல் போகும், அடுத்தது 4870. ஏழாவது தடவை 36 என்ற சின்ன எண் வரும், வந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். பத்தாவது 128. அதன் வர்க்கத்தில் 2 போனால் 16382, அது 8191-இன் இரு மடங்கு.

நிரல் எழுதிச் செய்பவர்கள் வர்க்கத்தை 64 பிட் மாறியில் வையுங்கள், 32 பிட்டில் வைத்தால் ஐந்தாவது தடவையே உடைந்துவிடும். 31-க்குச் சரியாக ஓடியதும் அடுக்கை 61 ஆக்குங்கள். மெர்சென் தன் பட்டியலில் விட்டுவிட்ட பகா எண் அது. ஆனால் 61-க்கு 64 பிட்டும் போதாது. நான்காம் படியில் தாளில் செய்த அதே துண்டாக்கலை, இந்தத் தடவை 2³²-இல் வெட்டி, நிரலிலும் செய்ய வேண்டியிருக்கும்.